புயலுக்கு முன்னால் போய் நிற்பது எப்படி?

ஆர்க்டிக் கடலில் 'துருவத் தாழ்வு' என்று ஒரு குட்டிப் புயல் உண்டு. குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலிருந்து கிளம்பும் கடுங்குளிர் காற்று, உறையாத கடலுக்கு மேல் வரும். கடல் நீர் சில டிகிரிதான். ஆனாலும் மைனஸ் 20 டிகிரி காற்றுக்கு அது அடுப்பு மாதிரி! சூடும் ஈரமும் ஏறிய காற்று மேலெழும்பிச் சுழல ஆரம்பிக்கும். குறுக்களவு 1000 கி.மீ.க்குள்தான். ஆயுளும் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் மணிக்கு 54 கி.மீ.க்கு மேல் காற்று, கொட்டும் பனி. நடுக்கடலில் மாட்டிய மீன்பிடிப் படகு என்ன செய்யும், சொல்லுங்கள்?

முன்கூட்டியே சொல்லவும் கஷ்டம். அந்தக் கடலில் வானிலை நிலையங்கள் ரொம்பக் குறைவு. அளவுகள் வேண்டுமென்றால் புயல் வரும் இடத்துக்கே போகணும். எங்கே வரும் என்று தெரிய அளவுகள் வேண்டும்! பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

2008-ல் நார்வே விஞ்ஞானிகள் இதற்குத் துணிந்தார்கள். சர்வதேசத் துருவ ஆண்டுக்காக நடந்த ஆய்வு அது. இடம், வட நார்வேயின் ஆன்டோயா தீவு. பிப்ரவரி கடைசியிலிருந்து சுமார் 3 வாரம். விமானம், ஜெர்மனி விண்வெளி ஆய்வு மையத்தின் 'ஃபால்கன்'.

எனக்குப் பிடித்ததே திட்டம் போடும் விதம்தான். தேதியை முன்பே குறித்தாகணும். புயலோ நம்ம தேதியைப் பார்த்து வராது. பறக்கும் நேரமும் அளவுதான். அவசரப்பட்டு முதல் வாரமே செலவழித்தால், நிஜப் புயல் வரும்போது கை காலி. ரொம்பக் காத்திருந்தால் ஒன்றுமே பார்க்காமல் வீட்டுக்குப் போகணும். அதனால் புயல் வராத நாளுக்கும் வேலை வைத்திருந்தார்கள்: குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லைகளை அளப்பது.

விமானத்தில் லேசர் கருவிகள் இருந்தன. ஆனால் கெட்டியான மேகத்தை லேசர் துளைக்காது. அங்கேதான் 'டிராப்சோண்ட்' கைகொடுக்கும். குழாய் மாதிரி சின்னக் கருவி, தலையில் ஒரு பாராசூட். விழுந்துகொண்டே அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அளந்து ரேடியோவில் விமானத்துக்குச் சொல்லும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஜி.பி.எஸ். காட்டும்.

மார்ச் 3-ந் தேதி புயல் வந்தது! அன்றும் மறுநாளுமாக 3 முறை பறந்து, அது உருவாகும்போதும் வளர்ந்த பின்னும் அளந்தார்கள். போட்ட கருவிகள் எல்லாம் கடலோடு போச்சு. அவை அனுப்பிய எண்கள் மட்டும் பத்திரமாக விமானத்தில் திரும்பி வந்தன.