கறுப்பு ஈக் காலத்தில் தூண்டிலோடு போகலாமா?

கேள்வி:

நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். வருகிற ஜூன் இரண்டாம் கிழமை மச்சான் குடும்பத்தோடு அல்கொன்குயின் பூங்காவில் நாலு நாள் கூடாரமடித்து மீன்பிடிக்கப் போவதாக இருக்கிறோம். போன வருஷம் இதே நாட்களில் அங்கே போன நண்பர் ஒருவரின் மகனுக்குப் பூச்சிக்கடியால் ஒரு கண் மூடிவிடும் அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. எங்களோடு ஆறு வயது மகளும் எட்டு மாதக் குழந்தையும் வருகிறார்கள். மாமியும் வருகிறா, அவவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து பூசினால் போதும் என்கிறா மாமி. யாழ்ப்பாணத்து நுளம்புக்குப் பழகின உடம்புக்கு இதெல்லாம் ஒரு கடியா என்கிறார் மச்சான். டீட் கலந்த ஸ்பிரே பிள்ளைகளுக்குக் கூடாது என்றும் கேள்விப்பட்டேன். என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி

பதில்:

முடியுமானால் திகதியை மாற்றுங்கள். எட்டு மாதக் குழந்தை வருகிறது என்றால் என் முதல் ஆலோசனை அதுதான். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு அதே ஏரிக்குப் போனால் கடிக்கும் பூச்சிகள் வெகுவாகக் குறைந்திருக்கும். டிரவுட் மீன் அப்போது குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் ஸ்மோல்மவுத் பாஸ் நன்றாகக் கடிக்கும். பிள்ளைகள் தூண்டில் பிடித்துப் பழக அதைவிட நல்ல மீன் இல்லை.

உங்கள் நண்பரின் மகனைக் கடித்தது பெரும்பாலும் நுளம்பாக இருக்காது. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை அந்தக் காடுகளில் ஆட்சி செய்வது பிளாக்ஃபிளை எனப்படும் கறுப்பு ஈ. எள்ளளவு உடம்பு, கூன் விழுந்த முதுகு. நுளம்பு ஊசி போலக் குத்தி உறிஞ்சும். இது தோலைக் கீறி, கசியும் இரத்தத்தை நக்கிக் குடிக்கும். அதன் எச்சில் தோலை மரக்கப் பண்ணுவதால் கடிக்கும்போது தெரியாது. காதுக்குப் பின்னால் ஈரமாக இருக்கிறதே என்று தொட்டுப் பார்த்தால் கையில் இரத்தம் இருக்கும். வீக்கம் பிறகுதான் வரும். கண்ணோரம் கடித்தால் மறுநாள் காலை முகமே மாறிவிடும். நிறையக் கடி வாங்கியவர்களுக்குத் தலையிடி, குமட்டல், காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல் எல்லாம் வரலாம். கனடாவில் இந்த ஈ மனிதருக்கு நோய் எதையும் பரப்புவதில்லை என்பது ஒரு நிம்மதி.

மச்சானுக்கு ஒன்று சொல்லுங்கள். ஒரு பூச்சியின் எச்சிலுக்குப் பழகிய உடம்பு இன்னொரு பூச்சியின் எச்சிலுக்குப் பழகியதாகாது. இந்த நாட்டிலேயே பிறந்து காட்டில் வேலை செய்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. வட ஒன்ராறியோவில் நில அளவைக் குழுவோடு போன வேட் ஹெம்ஸ்வொர்த் 1949இல் இந்த ஈயைப் பற்றி ஒரு பாட்டே எழுதினார்; கனேடியர் பலருக்கு அது மனப்பாடம்.

இந்த ஈயின் புழு வளர்வது தேங்கிய அழுக்குத் தண்ணீரில் அல்ல. குளிர்ந்து, தெளிந்து, வேகமாக ஓடும் ஆற்றில், கல்லோடு ஒட்டிக்கொண்டு வளர்கிறது. புரூக் டிரவுட் விரும்பும் தண்ணீரும் அதுவே. அந்தப் புழுவை டிரவுட் தின்னவும் செய்யும். ஆகவே மே, ஜூனில் நல்ல டிரவுட் தண்ணீரைத் தேடிப் போகிறவர் ஈயின் வீட்டு வாசலுக்கே போகிறார். அதை ஒழித்துவிட்டு மீன்பிடிக்கும் வழி கிடையாது. அதன் நேரத்தையும் இடத்தையும் தெரிந்து நாளை அமைத்துக்கொள்ளும் வழி உண்டு. ஸ்பிரே அதற்குப் பிறகுதான்.

கறுப்பு ஈ பகலில் மட்டும் கடிக்கும். காலை வெயில் ஏறும் நேரமும் பொழுது சாய்வதற்கு முந்திய நேரமும் மிக மோசம். நல்ல குளிரிலும் காற்றிலும் அது பறக்காது. அதனால் விடியற்காலைக் குளிரில் வள்ளத்தை எடுங்கள். ஈ கிளம்பும்போது கரையோரத்தை விட்டுக் காற்றடிக்கும் நடு ஏரியில் இருங்கள். கூடாரத்துக்கு ஆற்று வேகப்பாய்ச்சல் பக்கமும் வேண்டாம், சதுப்புப் பக்கமும் வேண்டாம். காற்று தடையில்லாமல் வரும் முனையைத் தேடுங்கள். இருட்டினால் இந்த ஈ ஓய்ந்துவிடும், ஆனால் அந்த நேரம் நுளம்பு வந்துவிடும். வாலாய் மீன் கடிக்கும் நேரமும் அதே அந்திதான். மச்சான் வாலாய்க்கு இருக்க ஆசைப்பட்டால் வலை மேற்சட்டை போட்டுக்கொண்டு இருக்கட்டும். பிள்ளைகள் அதற்கு முன்பே கூடாரத்துக்குள் போய்விட வேண்டும்.

உடுப்பில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கறுப்பு, கடும் நீலம் போன்ற இருண்ட நிறங்கள் ஈயை இழுக்கும். வெள்ளை, சாம்பல், மணல் நிறம் நல்லது. துணி நெருக்கமாக நெய்ததாக இருக்கட்டும். கறுப்பு ஈ துணிக்கு மேலால் குத்தாது. ஊர்ந்து உள்ளே போக வழி தேடும். மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து, பொத்தான்களுக்கு இடையிலுள்ள சந்து எல்லாமே அதற்கு வாசல்கள். காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் விடுங்கள், சேர்ட்டை இடுப்புக்குள் விடுங்கள். அகன்ற விளிம்புத் தொப்பிக்கு மேல் வலை போட்டால் வலை முகத்தில் ஒட்டாது. ஆண்கள் பின்னேரம் சாரம் கட்டிக்கொண்டு நெருப்புப் பக்கத்தில் இருப்பதை இந்தப் பயணத்தில் கட்டாயம் தவிர்க்க வேண்டும். மாமி செருப்போடு திரியவே கூடாது. சீனி வருத்தக்காரருக்குக் காலில் சொறிந்த சிறு காயமும் புண்ணாகிவிடும். காலுறையும் சப்பாத்தும் போட்டு, இரவில் ஒரு தடவை பாதங்களைப் பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு நாலு பக்கமும் வலையடித்த ஒரு நிழற்கூடாரம் வாங்குங்கள். இந்த ஈ உள்ளே மாட்டிக்கொண்டால் கடிப்பதை மறந்து வெளிச்சத்தை நோக்கி வலையில் ஏறத் தொடங்கிவிடும். வாகனக் கண்ணாடியிலும் அப்படித்தான். ஆனால் வலையின் கண் மிகச் சிறியதாக இருக்கட்டும். நோ-சீ-அம் என்று ஒரு பூச்சி உண்டு. கண்ணுக்கு எளிதில் தெரியாத அது சாதாரண வலைக்குள்ளால் நுழைந்துவிடும்.

இனிப் பூசும் மருந்து. கனடாவில் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு முதல் தெரிவாகச் சொல்லப்படுவது 20% இகாரிடின். டீட் பிள்ளைகளுக்கு அடியோடு கூடாது என்பது சரியல்ல. 2 முதல் 12 வயது வரை 10% மட்டும், நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை அதே 10%, நாளுக்கு ஒரு தடவை. பெரியவர்களுக்கு 30% வரை. எதுவானாலும் உங்கள் கையில் எடுத்துப் பிள்ளைக்குப் பூசுங்கள். கண், வாய்ப் பக்கமும் பிள்ளையின் கைகளும் வேண்டாம். சன்ஸ்கிரீன் முதலில், பூச்சி மருந்து பிறகு. குழந்தைக்கு மருந்தைவிட வண்டிலை முழுதாக மூடும் வலைதான் மேல்.

மீன்பிடிக்கிறவருக்கு இகாரிடினில் இன்னொரு வசதி. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தூண்டில் நூலும் மூக்குக்கண்ணாடியும் அதனால் கெட்டுப்போகும். டீட் பூசுவதானால் புறங்கையால் பூசி, உள்ளங்கையைச் சுத்தமாக வைத்திருங்கள்.

மாமியின் எண்ணெய் நுளம்பைச் சிறிது நேரம் தள்ளிவைக்கக்கூடும்; கறுப்பு ஈக்கு அதை நம்ப வேண்டாம். குழந்தைக்கு மட்டும் வேப்பெண்ணெய் அறவே வேண்டாம். கையிலிருந்து வாய்க்குப் போனால் அது கைக்குழந்தைகளின் மூளையையே பாதிக்கலாம், உயிராபத்தும் உண்டு. நுளம்புச்சுருளைக் கூடாரத்துக்குள் கொளுத்தவும் கூடாது.

பயணத்தை ஜூலைக்குத் தள்ளினால் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும் டீர்ஃபிளை இருக்கும். அசைவும் இருண்ட நிறமும் அதை இழுக்கும். டீட்டுக்கு அது அவ்வளவாக அஞ்சாது. தொப்பியின் பின்பக்கம் ஒட்டும் பசைத்துண்டு கடைகளில் கிடைக்கும், அது நன்றாகவே பிடிக்கும். மற்றது உண்ணி. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி உங்கள் வீட்டுப் பக்கத்து ரூஜ் பூங்காவிலேயே இருக்கிறது. தினமும் இரவில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிரோரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலுக்கு மிக நெருக்கமாக உண்ணியைப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடுவதோ சுடுவதோ வேண்டாம்.

கடித்த இடத்தைக் கழுவிக் குளிர்ந்த துணி வையுங்கள். 1% ஹைட்ரோகோர்ட்டிசோன் களிம்பு கடி தணிக்கும். ஒவ்வாமைக் குளிசை, குறிப்பாகப் பிள்ளைகளுக்கான அளவு, புறப்படுமுன் உங்கள் மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். மறுநாள் முகம் வீங்கியிருந்தும் பிள்ளை ஓடி விளையாடினால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு பரவி, சுட்டு, காய்ச்சலும் வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். மூச்சு முட்டுதல், உதடு நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 911. பூங்காவின் உட்பகுதியில் பல இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. முகாமுக்குப் போன முதல் நாளே சிக்னல் எங்கே வருகிறது, நிலத்தொலைபேசி எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். மேற்கு வாசலால் போகிறவர்களுக்குப் பக்கத்து வைத்தியசாலை ஹன்ட்ஸ்வில்லில் இருக்கிறது, கிழக்கு வாசலால் போகிறவர்களுக்கு பரிஸ் பேயில்.