பழைய வேலையை மறைக்கலாமா?



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் தம் வாப்பாவுடன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். சென்னையில் ஒரு நிறுவனத்தில் நான்கு மாதம் வேலை பார்த்து, தகுதிகாண் காலத்திலேயே நிறுத்தப்பட்டவர். அதன்பின் எட்டு மாதம் வீட்டில் இருந்திருக்கிறார். "மாமா, அந்தக் கம்பெனி பேரை விட்டுடுதேன். ஒரு வருஷம் இங்க டிரஸ்ட்ல வேலை பார்த்ததா லெட்டர்பேடுல எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நாங்கள் எழுதித் தரவில்லை. ஏன் தரவில்லை என்பதை எல்லாக் குடும்பங்களும் அறிவது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கடிதத்தை நாங்களே இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கிறோம். இரண்டு வாரத்தில், விவரங்களைச் சரிபார்க்கும் நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. எந்தத் தேதியில் சேர்ந்தார், சம்பளம் எவ்வளவு, யாருக்குக் கீழே வேலை பார்த்தார் என்று கேட்டார்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற மூன்று பொய் தேவைப்பட்டது. கடிதம் தவறு என்று ஒப்புக்கொண்டோம். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த வேலை போயிற்று. அதில் பெரிய பங்கு எங்களுடையது. கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் பரிந்துரை எழுதுவதும் இதே லெட்டர்பேடில்தான். அதில் ஒரு கடிதம் பொய்யானால், உண்மையான ஏழையின் கடிதத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை மதரஸாவில் படித்திருப்போம்; ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி அது. விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாக எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம். வேலை போவதும் பல நேரம் அந்த மழை போலத்தான்.

மறைத்தாலும் இன்று நிலைக்காது. 2022 நவம்பரில் அக்சென்ச்சர் நிறுவனம், போலி நிறுவனங்களின் அனுபவச் சான்றிதழ் காட்டி இந்தியாவில் வேலைக்குச் சேர்ந்தவர்களை நீக்கியதாக அறிவித்தது. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒருவருக்கு ஒரே 12 இலக்க எண் உண்டு. பி.எஃப். பிடித்த ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் அந்த எண்ணின்கீழ் வந்துவிடும். வளைகுடாவுக்குப் போகும் நர்ஸ்களின் அனுபவச் சான்றிதழை, டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் அதைக் கொடுத்த மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறது.

அப்படியானால் எப்படி எழுதுவது?

படிவத்தை முதலில் கவனமாகப் படியுங்கள். "இதுவரை பணியாற்றிய எல்லா இடங்களும்" என்று கேட்டால், ஒன்றை விடுவதும் பொய்தான். சுயவிவரத்தில் பொருத்தமான அனுபவத்தை மட்டும் நீங்களாகச் சுருக்கி எழுதுவது வேறு, அது தவறல்ல. ஆனால் தேதிகளை நீட்டி இடைவெளியை மூடக் கூடாது. நேரில் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

விலகிய காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "தகுதிகாண் காலத்தில் பணி நிறுத்தப்பட்டது" என்பதே போதும். பழைய முதலாளியைத் திட்டி எழுத வேண்டாம். உண்மை சொல்வது வேறு, புறம் பேசுவது வேறு. வேலையில்லாத மாதங்களில் படித்ததையோ, கடையில் வாப்பாவுக்கு உதவியதையோ உள்ளபடி எழுதலாம்.

பி.எஃப். கணக்கில் விலகிய தேதி பதிவாகாமல் இருந்தால், கடைசிப் பிடித்தத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். ஏற்கெனவே தவறாக எழுதிக் கொடுத்திருந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் நீங்களே திருத்தி அனுப்புங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வேலை போய் வந்த பிள்ளையிடம் "ஊரில் என்ன சொல்வார்கள்" என்று கேட்காதீர்கள். மறைக்கும் பழக்கம் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அந்த இளைஞர் நான்கு மாதத்தையும் எட்டு மாதத்தையும் உள்ளபடியே எழுதினார். முதலில் விண்ணப்பித்த இடத்திலிருந்து அழைப்பு வரவில்லை. இதையும் மறைக்காமல் சொல்கிறோம். உண்மை சொன்னால் உடனே வேலை கிடைக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. இப்போது நாகர்கோவிலில் ஓரிடத்தில் நேர்முகத் தேர்வு முடித்துக் காத்திருக்கிறார். அந்த நான்கு மாதத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். "பயமில்லாமப் பதில் சொன்னேன் மாமா" என்றார்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். ஹலாலான சம்பளம் ஹலாலான விண்ணப்பத்திலிருந்து தொடங்கட்டும். விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படும் பிள்ளைகள் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து எழுதித் தருகிறோம். அந்தத் தம்பிக்காகவும் துஆ செய்யுங்கள்.