படுதாக்குளம்: விரிப்பு எவ்வளவு வேண்டும்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லை ஊர்களில், வீட்டுப் புரையிடத்தில் மீன் வளர்க்கக் குளம் வெட்டுகிறவர்களுக்குக் கணக்கு தவறுவது தண்ணீர் கசியாமல் குழியில் விரிக்கும் படுதாவை வாங்கும்போதுதான். நிலத்தைச் சென்ட்டிலும் குழியை அடியிலும் அளக்கிறோம். படுதாவைச் சதுர மீட்டரில் கேட்கிறோம். 2 சென்ட் குளத்துக்கு 2 சென்ட் படுதா என்று வாங்கினால் பாதிகூடக் காணாது.

முதலில் குழியை வெட்டி முடியுங்கள். நம் மண்ணில் வெட்டுக்கல் தட்டிவிட்டால் நினைத்த ஆழம் கிடைக்காது. அதனால் அதுவரை கடைக்குப் போக வேண்டாம். வெட்டிய மண்ணைச் சுற்றிலும் வரம்பாகப் போடுவோமே, அதன் உச்சியிலிருந்து ஆழத்தை அளங்கள். தரைமட்டத்திலிருந்து அளந்தால் விரிப்பு குறைந்துவிடும்.

இனி கணக்கு. குளம் 36 அடி நீளம், 24 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 864 சதுர அடி. ஏறக்குறைய 2 சென்ட். ஆழம் 5 அடி. படுதா ஒரு சுவரில் இறங்கி மறு சுவரில் ஏறுவதால் ஆழத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும்: 10 அடி. வரம்பில் புதைக்கப் பக்கத்துக்கு 2 அடி வீதம் 4 அடி. நீளம் 36+10+4=50. அகலம் 24+10+4=38. பெருக்கினால் 1,900 சதுர அடி. 10.764-ஆல் வகுத்தால் சுமார் 176.5 சதுர மீட்டர்.

குளம் வளைந்திருந்தால் மிக நீண்ட இடத்தையும் மிக அகன்ற இடத்தையும் எடுங்கள். சுவர் சரிவாக இருந்தால் இந்தக் கணக்கில் கொஞ்சம் மிஞ்சும். நான் எப்போதும் ஒரு கயிற்றை வரம்பிலிருந்து அடிவரை இறக்கி, தரையோடு ஒட்டவிட்டு, மறுபக்கம் ஏற்றி அளந்து சரிபார்ப்பேன். கணக்கைவிடக் கயிற்றை நம்பலாம்.

படுதாவின் கனம் 500 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் 500 கிராம். அப்படியானால் மேலே கணக்கிட்ட படுதா சுமார் 88 கிலோ இருக்க வேண்டும். களியக்காவிளையில் வாங்கினாலும் நெய்யாற்றின்கரையில் வாங்கினாலும் தராசில் வைத்துப் பாருங்கள். எடை குறைந்தால் கனமோ அளவோ குறைவு.

விரிக்குமுன் கூர்கல்லையும் ரப்பர், தென்னை வேர்களையும் நீக்கி, சலித்த மணலும் பழைய சாக்கும் போடுங்கள். தண்ணீர் முழுக்க நிறைந்து படுதா சுவரோடு ஒட்டிய பிறகே ஓரத்தைப் புதையுங்கள். அதற்குமுன் புதைத்தால் பாரம் இழுத்துக் கிழித்துவிடும். மிச்சத்தை வெட்டுவதும் அப்போதுதான்.