கீச்சான் பார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு

மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து, பறவை பார்க்கப் பழக வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். குமணவையோ லாகுகலையையோ சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். நான் காட்டுவது அவரவர் வீட்டு வேலியை. அங்கே வந்து குந்தும் பழுப்புக் கீச்சான் ஒன்றே முதல் வருடத்துக்குப் போதும். நம் கரையில் கீச்சான் என்றால் சட்டியில் வேகும் மீன்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது சைபீரியாவிலிருந்து வரும் கீச்சானை. அதற்கான என் அறிவுரைகள் இவை.

1. முதலில் முகத்தைப் பழகுங்கள். சிட்டுக்குருவியை விடப் பெரிது, மைனாவை விடச் சிறிது. அலகிலிருந்து வால்நுனி வரை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறையும். நிறை முப்பது கிராம் அளவு. முதுகு பழுப்பு, வால் செம்பழுப்பு, வயிறு வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை. கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டி, அதற்கு மேலே வெள்ளைப் புருவம். தலை உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். மேலலகின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும், அதன் ஓரத்தில் பல்போல ஒரு வெட்டு இருக்கும். பாடும் பறவைகளின் பெருங்குழுவில் சேர்ந்ததுதான், ஆனால் பிழைப்பு வேட்டை.

2. வரும் காலத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். செப்டெம்பரில் கச்சான் காற்று ஓயத் தொடங்கும்போது முதல் கீச்சான்கள் வந்துவிடும். வயல் இன்னும் காய்ந்து கிடக்கும், பெரும்போக விதைப்பும் தொடங்கியிராது. ஏப்ரலில் பெரும்பாலானவை போய்விடும். பைக்கால் ஏரிப் பக்கத்திலிருந்து கல்முனைக்கு நேர்கோட்டில் அளந்தாலே 5,000 கிலோமீற்றருக்கு மேல். முப்பது கிராம் உடம்பு அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் இரவிலேயே பறந்து கடக்கிறது. கூட்டமாக வந்து இறங்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேற்று வெறுமையாக இருந்த வேலிக் கட்டையில் இன்று ஒன்று இருக்கும். அவ்வளவுதான்.

3. கண்ணுக்கு முன்னால் காதைக் கொண்டு தேடுங்கள். வந்த புதிதில் கீச்சான் ஓயாமல் கத்தும். கரகரவென்று, யாரையோ ஏசுவதுபோல ஒரு சத்தம். சுபஹு தொழுதுவிட்டு வெளியே வரும்போதும், மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முந்திய அரை மணி நேரத்திலும் கேளுங்கள். அது தன் எல்லையை அறிவிக்கும் சத்தம். எல்லை தீர்ந்த பிறகு கத்தல் குறைந்துவிடும், அதனால் முதல் சில வாரங்களைத் தவறவிடாதீர்கள். பெப்ரவரி, மார்ச்சில் இன்னொரு விருந்து உண்டு. புதருக்குள் இருந்து மெல்லிய குரலில், மற்றப் பறவைகளின் சத்தங்களையும் கலந்து, தனக்குத்தானே பாடும். அதைக் கேட்க மிக அருகில் போக வேண்டும், அசையாமல் நிற்கவும் வேண்டும்.

4. ஒரு கீச்சானுக்கு ஓர் இடம் என்று பிரித்து எழுதுங்கள். குளிர்காலம் முழுவதும் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆணும் பெண்ணும்கூடச் சேர்ந்திருப்பதில்லை. சாய்ந்தமருதுத் தோணாக் கரை, மையவாடி ஓரத்து முட்புதர், கரைவாகு வட்டையின் வாய்க்கால் வரம்பு, வளவின் கம்பி வேலி என்று அது எங்கே குந்துகிறதோ அந்த இடத்தைப் படமாக வரைந்துகொள்ளுங்கள். காலில் வளையம் மாட்டிப் பார்த்த இடங்களில், அதே பறவை அடுத்த வருடமும் அதே இடத்துக்குத் திரும்புவது உறுதியாகியிருக்கிறது. வளையம் இல்லாமல் அதே பறவைதான் என்று சாதிக்க முடியாது. அதே கட்டையில் அடுத்த செப்டெம்பரிலும் ஒரு கீச்சான் என்று எழுதலாம், அதுவே பெறுமதியான குறிப்பு.

5. வகைகளை ஊரோடு சேர்த்துப் படியுங்கள். இந்த ஓரினத்துக்குள் நான்கு வட்டார வகைகளைப் பறவை நூல்கள் பிரிக்கின்றன. சைபீரியாவிலும் மொங்கோலியாவிலும் குஞ்சு பொரித்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இறங்குவது முதல் வகை. நம் வேலியில் இருப்பது அநேகமாக எப்போதும் இதுதான். அமூர் ஆற்றுப் பக்கமும் மஞ்சூரியாவிலும் பெருகுவது இரண்டாவது. அது முதல் வகையோடு கலந்துபோவதால் தனியாகப் பிரிக்கலாமா என்று அறிஞர்களே வாதிடுகிறார்கள், நீங்கள் அதில் தலையிட வேண்டாம். யப்பானிலும் சகாலினிலும் இருந்து இந்தோனேசியப் பக்கம் போவது மூன்றாவது. அதன் முதுகு நல்ல செம்பழுப்பு, நெற்றியில் அகன்ற வெள்ளை. கிழக்குச் சீனத்திலும் கொரியாவிலும் பெருகிப் பிலிப்பைன்ஸுக்குப் போவது நான்காவது. தலை சாம்பல் நிறமான இந்தப் பிலிப்பைன் கீச்சான் இலங்கைக்கும் குறைந்த எண்ணிக்கையில் வருகிறது.

ஒரு சங்கதியைக் கவனியுங்கள். லின்னேயஸ் 1758இல் இந்தப் பறவைக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தது, வங்காளத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஒரு பறவையை ஜோர்ஜ் எட்வர்ட்ஸ் வரைந்த படத்தைக் கொண்டு. சாம்பல்தலை வகைக்கு அவர் 1766இல் பெயரிட்டது பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுப் பறவையைக் கொண்டு. இரண்டையும் உலகம் அறிந்தது அவை பிறந்த நாட்டிலிருந்து அல்ல, குளிர்காலத்துக்கு ஒதுங்கிய நாடுகளிலிருந்து. ஆகவே ஒதுங்கும் கரையில் இருக்கும் நாம் எழுதும் குறிப்பு அற்பமானது என்று யாரும் எண்ண வேண்டாம்.

6. சாம்பல் தலை கண்டவுடன் துள்ளாதீர்கள். பழகுபவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். உச்சி வெயிலில் பழுப்பு சாம்பலாகத் தெரியும். மழை மேகத்தின் கீழும் அப்படியே. பல மாதம் வெயிலில் வெளுத்த இறகும் ஏமாற்றும். பிலிப்பைன் வகை என்று சொல்ல முன் நாலு இடத்தைப் பாருங்கள். நெற்றி வெளிறிய சாம்பலாக இருந்து அப்படியே உச்சந்தலைக்குப் பரவுகிறதா? முதுகும் சாம்பல் கலந்த பழுப்பா? வெள்ளைப் புருவம் மெலிந்து, நெற்றியோடு கரைந்து போகிறதா? வாலில் செம்மை குறைவா? நாலும் பொருந்தினால், அடுத்த நாள் அஸருக்குப் பின், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது திரும்பவும் பாருங்கள். அப்போதும் பொருந்தினால்தான் எழுதுங்கள். சாதாரண வகையை நூறு தரம் பார்த்த கண்ணுக்கு மற்றது தானாகவே வேறாகத் தெரியும். பார்க்காத கண்ணுக்கு எல்லாமே அபூர்வம்தான்.

7. வயதையும் பாலையும் வகையோடு குழப்பாதீர்கள். கண்பட்டி நல்ல கறுப்பாகவும் மார்பு சுத்தமாகவும் இருந்தால் பெரும்பாலும் வளர்ந்த ஆண். பட்டி மங்கிய பழுப்பாகி, மார்பிலும் விலாவிலும் மெல்லிய பிறைக் கோடுகள் இருந்தால் பெண், அல்லது அந்த வருடத்துக் குஞ்சு. செப்டெம்பர், ஒக்டோபரில் வரும் பலதில் இந்தக் கோடுகள் இருக்கும். கோடு இருப்பதால் அது வேறொரு வகை ஆகிவிடாது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே சாம்பல் தலையும் செம்முதுகும் நீண்ட கறுப்பு வாலும் கொண்ட ஒரு கீச்சானைப் பார்க்கலாம். அது அங்கேயே வாழும் வேறோர் இனம், பிலிப்பைன் வகை அல்ல.

8. அது தின்பதைப் பாருங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். கட்டையில் அசையாமல் இருந்து, தரையில் ஏதாவது அசைந்தால் விழுந்து பிடித்துக்கொண்டு அதே கட்டைக்குத் திரும்பும். தத்துவெட்டி, தும்பி, வண்டு, சிறு ஓணான், எப்போதாவது ஒரு சின்னக் குருவி. காலில் பிடிக்கப் பலம் இல்லாததால் பெரிய இரையை முள்ளிலோ முள்ளுக்கம்பியிலோ குத்திவைத்துக் கிழித்துத் தின்னும். இதைப் பார்த்துக் கொடிய பறவை என்று சொல்கிறவர்களிடம், வட்டையில் பயிரைத் தின்னும் பூச்சியைக் கூலி வாங்காமல் பிடிப்பது யார் என்று கேளுங்கள்.

9. எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள். திகதி, நேரம், இடம், வெளிச்சம், குந்திய உயரம், பிடித்த இரை. வகை தெரியாவிட்டால் “பழுப்புக் கீச்சான், வகை தெரியவில்லை” என்று எழுதுங்கள், அதில் வெட்கம் இல்லை. கோர்னெல் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் பட்டியலிலும் வகை சொல்லாமல் இனத்தை மட்டும் பதியலாம். ஜீ. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவை நூலை வாசிகசாலையில் கண்டால் இரவல் எடுத்து வாசியுங்கள். வருடங்களாக நின்று பார்த்தவரின் எழுத்து எப்படி இருக்கும் என்று அதில் தெரியும். தொலைநோக்கி வாங்கக் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம். கீச்சான் திறந்த இடத்தில் குந்தும் பறவை, வெறுங்கண்ணுக்கே பாதிப் பாடம் கிடைக்கும்.

10. கெற்றப்போல் தூக்கும் தம்பிமாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், சுரத் ஆகிய நான்கையும் கொல்ல நபியவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. சுரத் என்பது கீச்சான் குடும்பத்துப் பறவை. அது நம் வேலியில் இருப்பதுதானா, அரபு மண்ணில் வாழும் அதன் உறவா என்று வாதாடத் தேவையில்லை, கல்லைக் கீழே போட அந்தச் செய்தி போதும். நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் விதிவிலக்கான சில பறவைகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காக்கிறது.

சொன்னால் யார் கேட்பார்கள் என்று சோர்ந்துவிடாதீர்கள். தாய்வானின் தெற்கு முனையான ஹெங்சுன் குடாநாட்டில், ஒவ்வொரு இலையுதிர் காலமும் இதே பழுப்புக் கீச்சான்களை மூங்கில் பொறிவைத்துப் பிடித்து, வீதியோரத்தில் சுட்டு விற்றார்கள். 1984இல் அங்கே கெண்டிங் தேசியப் பூங்கா அமைந்தது. லூசியா செவரிங்ஹவுஸ் போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பறவையின் வாழ்க்கையை எழுதி மக்கள் முன் வைத்தார்கள். 1989இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பகிரங்கமாக நடந்த அந்த வியாபாரம் ஒடுங்கியது.

11. வேலியைக் காப்பாற்றுங்கள். நம் ஊர்கள் நெருக்கமானவை, காணி சிறியது, மதில் கட்டாமல் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வளவின் ஒரு மூலையில் சீமைக்கிளுவை நாலு நிற்கட்டும். மையவாடியைத் துப்புரவு செய்யும்போது ஓரத்து முட்புதரை விட்டுவையுங்கள் என்று பள்ளி நிர்வாகத்திடம் மரியாதையோடு கேளுங்கள். தோணாக் கரையில் குப்பை கொட்டுவதைத் தடுக்க இளைஞர்கள் சேர்ந்தால் மூத்தவர்களும் பின்னால் வருவார்கள். வயல்காரரிடம், பூச்சியே காணாத வரம்புக்கும் மருந்து அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சி இல்லாத வட்டையில் கீச்சானுக்கு வேலை இல்லை.

இந்தச் செப்டெம்பரில் உங்கள் வீட்டுக்கு மிக அருகில் குந்தும் கீச்சான் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். ஏப்ரலில் அது போகும்வரை அதை மட்டும் எழுதுங்கள். நாலு வகையின் பெயரையும் ஓர் இரவில் பாடமாக்கிவிடலாம். வேலியில் இருப்பது எந்த வகை என்று சொல்ல, ஒரு முழுப் பருவம் அதன் முன்னால் நின்றிருக்க வேண்டும்.