தையல் இயந்திரத்தில் ஊசி முறியாமல் காப்போம்

தமிழ்நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு அரசு வழங்கும் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைத்து வருகின்றனர். கடலூர், சிதம்பரம் பகுதிகளிலும் தையல் ஒரு துணைத் தொழிலாகும். தைத்த அளவுக்கே கூலியாதலின், ஊசி முறிந்து இயந்திரம் நிற்கும் நேரமெல்லாம் கூலி இழப்பே.

ஊசி முறிவதற்குப் பெரும்பாலும் நாம் கையாளும் முறையே காரணம். துணியை இயந்திரத்தின் பற்களே நகர்த்தும். நாம் அவசரப்பட்டு இழுத்தால் ஊசி வளைந்து, தட்டில் மோதி முறிகிறது.

கவனிக்க வேண்டியவை:

1. மெல்லிய துணிக்கு 11, சீருடைத் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16 அல்லது 18 எண் ஊசி ஏற்றது. 14 எண் ஊசியின் பருமன் 0.9 மி.மீ.

2. வீட்டு இயந்திர ஊசியின் தலை ஒருபுறம் தட்டையானது, தொழில் இயந்திர ஊசியின் தலையோ பொதுவாக உருண்டையானது, எளிதில் திரும்பிவிடும். ஒற்றை ஊசி இயந்திரத்தில் நீண்ட பள்ளம் இடப்புறம் அமையுமாறு, மேலே முட்டும்வரை செருகித் திருகை இறுக்குக.

3. வேர் தட்டினால் ஏரை நிறுத்தும் உழவரைப் போல, மடிப்புகள் கூடுமிடத்தில் வேகத்தைக் குறைத்திடுக.

4. வளைந்த, மழுங்கிய, துருவேறிய ஊசியை உடனே மாற்றுக.

5. புது ஊசியும் அடுத்தடுத்து முறிந்தால், கீழுள்ள ஹூக் ஊசியில் உரசுகிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்த்திடுக.

முறிந்துவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, துண்டுகள் அனைத்தையும் தேடி ஒன்றுசேர்த்துப் பார்த்திடுக. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த உடையை அனுப்பலாகாது. அதை அணியப்போவது ஒரு குழந்தை. தையற்கூடத்திற்கு இடமளிக்கும் ஊராட்சிகள் நல்ல வெளிச்சத்திற்கும் வழி செய்வார்களாக.