பழைய ஈரடுக்குப் பேருந்தை இருமுறை காப்பாற்ற வேண்டும்

மாணவர்களே, லண்டன் என்றதும் சிவப்பு நிற ஈரடுக்குப் பேருந்து உங்கள் நினைவுக்கு வருகிறதா? அஞ்சலட்டைகளிலும் திரைப்படங்களிலும் நாம் அதிகம் பார்த்த அந்தப் பேருந்தின் பெயர் ரூட்மாஸ்டர். அதன் முதல் மாதிரி 1954இல் மக்கள் பார்வைக்கு வந்தது. 1968 வரை 2,876 வண்டிகள் கட்டப்பட்டன. 2005 டிசம்பர் 9ஆம் நாள், 159ஆம் எண் தடத்தோடு அவற்றின் வழக்கமான சேவை முடிவுக்கு வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் நூற்றுக்கணக்கான ரூட்மாஸ்டர்கள் இன்றும் இருக்கின்றன. சில அருங்காட்சியகங்களில் உள்ளன. பலவற்றை ஆர்வலர்கள் சொந்தச் செலவில் பராமரிக்கிறார்கள். கழுவிப் பளபளப்பாக்கி நிறுத்தினால் போதும் என்று நாம் நினைப்போம். உண்மையில், நிற்கும் வண்டிக்குள்ளும் வேதிவினை நடந்துகொண்டே இருக்கிறது. அதைத் தடுக்கப் பழுதுபார்த்தால், பழைய தடயங்கள் அழிகின்றன. அதனால் பேருந்தை இருமுறை காப்பாற்ற வேண்டும்: முதலில் படமாக, பிறகு உலோகமாக. ஏன் இந்த வரிசை என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

விமானத்திடம் கற்ற பாடம்

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் போக்குவரத்து நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து ஹாலிஃபாக்ஸ் என்னும் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டின. மெல்லிய அலுமினியக் கலவைத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைத்து, எடை குறைந்த ஆனால் உறுதியான உடலை உருவாக்கும் அனுபவம் அங்கே கிடைத்தது. போருக்குப் பின் அந்த அனுபவம் ரூட்மாஸ்டருக்குப் பயன்பட்டது.

அதற்கு முந்தைய ஆர்டி வகைப் பேருந்தில் 56 இருக்கைகள். ரூட்மாஸ்டரில் 64 இருக்கைகள். இருக்கை கூடியும் வண்டியின் எடை கூடவில்லை. முழு நீள எஃகுச் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, அலுமினிய உடலையே பளு தாங்க வைத்ததுதான் காரணம். முன்சக்கரப் பகுதிக்கும் பின்சக்கரப் பகுதிக்கும் மட்டும் தனித்தனியாக எஃகுத் துணைச்சட்டங்கள் பொருத்தப்பட்டன.

அலுமினிய உடல், எஃகுத் துணைச்சட்டம். இந்த இரண்டு உலோகங்களும் சந்திக்கும் இடத்தை நினைவில் வையுங்கள்.

இரண்டு உலோகமும் ஒரு துளி உப்பு நீரும்

அலுமினியம் இரும்பைவிட வீரியமான உலோகம். ஆனாலும் சமையலறை அலுமினியப் பாத்திரம் இரும்பைப்போல் உதிர்ந்து போவதில்லை. காற்று பட்டவுடன் அதன்மேல் மிக மெல்லிய அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. அது உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனை உள்ளே விடாமல் காக்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் கொண்டது, உதிரக்கூடியது. அடியில் உள்ள உலோகத்தை அது காப்பதில்லை.

அப்படியானால் அலுமினியப் பேருந்துக்கு என்ன கவலை? இங்கிலாந்தில் குளிர்காலச் சாலைகளில் பனிக்கட்டி உறையாமலிருக்க உப்பு தூவுவார்கள். சக்கரங்கள் வாரியடிக்கும் உப்பு நீர் வண்டியின் அடிப்பாகத்தில் புகுந்து தங்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்தக் காப்புப் படலத்தை ஆங்காங்கே உடைக்கின்றன. இப்போது அலுமினியம், எஃகு, இரண்டையும் தொட்டு நிற்கும் உப்பு நீர் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகிவிடுகின்றன.

ஐந்தாம் படிவ வேதியியலில் மின்வாய் அழுத்தம் பற்றிப் படிப்பீர்கள். அலுமினியத்தின் நியம மதிப்பு −1.66 வோல்ட், இரும்பின் மதிப்பு −0.44 வோல்ட். மதிப்பு எவ்வளவு எதிர்மறையாக உள்ளதோ அவ்வளவு எளிதாக அந்த உலோகம் எலெக்ட்ரான்களை இழக்கும். ஆகவே அலுமினிய அணு ஒவ்வொன்றும் மூன்று எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகிக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் எஃகுக்குச் சென்று, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. எஃகு தப்பிக்கிறது, அலுமினியம் பலியாகிறது. இதற்குக் கால்வானிய அரிமானம் என்று பெயர்.

இந்த வினையில் உண்டாகும் வெண்ணிறப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் சாயம் கொப்பளம்போல் மேலெழும்பும். ரிவெட் இணைப்புகள் விரியும். வெளியே ஒரு சிறு கொப்பளம் தெரிகிறது என்றால் உள்ளே வினை ஏற்கெனவே நடந்திருக்கிறது என்று பொருள்.

பராமரிப்பவர்கள் செய்வது என்ன? அந்த மின்கலத்தின் சுற்றைத் துண்டிக்கிறார்கள். உலோகங்கள் நேரடியாகத் தொடாதபடி இடையில் மின்கடத்தா அடுக்கு வைக்கிறார்கள். இடுக்குகளை நீர் புகாத பசையால் அடைக்கிறார்கள். உப்பு படிந்த அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி உலர்த்துகிறார்கள். காற்றோட்டமுள்ள கொட்டகையில் நிறுத்துகிறார்கள். இரவில் குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரக்காற்று படிந்து நீர்த்துளியானால், மழையே இல்லாமல் வண்டி நனைந்துவிடும்.

எது அசல்?

இவ்வளவு செய்தும் அரித்துப்போன தகடு ஒருநாள் மாற்றப்படத்தான் வேண்டும். இங்கேதான் சிக்கல். பழைய தகட்டோடு அதன் சாய அடுக்குகள், ஆணித் துளைகளின் இடைவெளி, எழுத்துகளின் அளவு எல்லாம் குப்பைக்குப் போகின்றன.

ரூட்மாஸ்டரில் இது இன்னும் சிக்கலானது. லண்டனுக்கு வடக்கே ஆல்டன்ஹாம் என்ற இடத்தில் இருந்த பெரிய பணிமனையில், வண்டிகளின் உடலைத் துணைச்சட்டங்களிலிருந்து பிரித்துப் பழுதுபார்த்தார்கள். மீண்டும் பூட்டும்போது அதே உடல் அதே எண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை. எனவே எண் பலகையை மட்டும் வைத்து ஒரு வண்டியின் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. உடலில் எஞ்சியிருக்கும் தடயங்களும் பழைய புகைப்படங்களும்தான் சாட்சி.

ஆனால் புகைப்படமும் தவறான தகவல் தரலாம். தொடக்ககாலக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் பல, சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்புப் பேருந்து கறுப்பாகத் தெரியும். பழைய வண்ணப் படங்களிலோ சாயங்கள் வெவ்வேறு வேகத்தில் மங்குவதால் படம் முழுவதும் சிவப்பாகத் திரும்பிவிடக்கூடும். இன்று நாம் எடுக்கும் படம் நாளைய பணியாளரை ஏமாற்றக்கூடாது என்றால், அதை ஓர் அளவீடாகக் கருதி எடுக்க வேண்டும்.

அளவீடாக ஒரு படம்

தூரம்: ரூட்மாஸ்டரின் நீளம் ஏறக்குறைய 8.4 மீட்டர். அதன் முன்பக்கத்திலிருந்து 3 மீட்டரில் நின்று எடுத்தால், பின்பக்கம் 11.4 மீட்டரில் இருக்கும். படத்தில் தெரியும் உயரம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆகவே முன்பக்கம் பின்பக்கத்தைப்போல் 3.8 மடங்கு பெரிதாகத் தெரியும். 15 மீட்டர் தள்ளி நின்றால் இது 23.4-ஐ 15-ஆல் வகுத்தால் கிடைக்கும் 1.56 மடங்காகக் குறைகிறது. வண்டியின் உண்மையான வடிவம் வேண்டுமானால் பின்னால் நகருங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்குங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள். சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்கும்.

வேகம்: மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 8.3 மீட்டர். 1/60 நொடி திறப்பில் வண்டி 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்துகள் இழுபட்டுத் தெரியும். 1/1000 நொடியில் நகர்வது 8 மில்லிமீட்டர்தான்.

கண்ணாடிப் பிரதிபலிப்பு: கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். முனைவாக்க வடிகட்டியைத் திருப்பினால் அந்த ஒளி தடுக்கப்பட்டு உள்ளே இருக்கும் இருக்கைகள் தெரியும். கண்ணாடியின் செங்குத்துக் கோட்டுக்கு ஏறத்தாழ 56 பாகைச் சாய்வில் இதன் பலன் மிக அதிகம்.

சாய்வொளி: இதுதான் மிகவும் பயனுள்ள உத்தி. தகட்டுக்கு நேராக ஒளி பாய்ச்சினால் கொப்பளம் தெரியாது. டார்ச் விளக்கைத் தகட்டோடு ஒட்டி 5 பாகைச் சாய்வில் பிடித்தால், 1 மில்லிமீட்டர் மேடு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீள நிழல் தரும். கண்ணுக்குத் தப்பிய அரிமானத்தைக் கேமரா காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலும் சாம்பல் நிற அட்டையும் இருக்கட்டும். நீளத்தையும் நிறத்தையும் பின்னர் சரிபார்க்க அவை உதவும். மாலை வெயிலில் சிவப்பு ஆரஞ்சாக மாறினாலும், அட்டையின் நிறத்தைக் கொண்டு உண்மையான சிவப்பை மீட்கலாம்.

செய்து பாருங்கள்

மூன்று சோதனைக் குழாய்களில் உப்பு நீர் ஊற்றுங்கள். முதலாவதில் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பு ஆணி ஒன்று. இரண்டாவதில் செப்புக் கம்பி இறுகச் சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகத் தகடு சுற்றிய ஆணி. ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே தூரத்திலிருந்து, ஒரே விளக்கொளியில், அளவுகோலை அருகில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள்.

எந்த ஆணி விரைவாகத் துருப்பிடிக்கிறது? ரூட்மாஸ்டரின் அலுமினியம் ஏற்ற வேடத்தை இங்கே எந்த உலோகம் எந்தக் குழாயில் ஏற்கிறது? இரண்டு குழாய்களை விடையாகச் சொல்லலாம், காரணத்தோடு எழுதுங்கள்.

ஆணியைக் குழாயிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டால் துரு போய்விடும். அது எந்த நாளில், எந்த இடத்தில் தொடங்கியது என்பது நீங்கள் எடுத்த ஏழு படங்களில் மட்டுமே இருக்கும். பழைய பேருந்தின் தகட்டைக் கழற்றுவதற்கு முன் ஒருவர் ஏன் கேமராவை முதலில் எடுக்கிறார் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.