துரத்துகிறவளின் பாட்டு

'பாப்பராட்ஸி' என்னும் சொல் நம் செவிக்கு ஏதோ தின்பண்டத்தின் பெயர் போல ஒலிக்கிறது. உண்மையில் அது ஒரு திரைப்படப் பாத்திரத்தின் பெயரிலிருந்து வந்தது. இத்தாலிய இயக்குநர் ஃபெலினி 1960-இல் வெளியிட்ட 'லா டோல்சே வீட்டா' என்ற படத்தில், பிரபலமானவர்களை விடாமல் பின்தொடரும் புகைப்படக்காரன் ஒருவன் வருகிறான். அவன் பெயர் பாப்பராட்ஸோ. 'ஓ' என்று முடியும் ஒருமைச் சொல் இத்தாலிய மொழியில் பெரும்பாலும் 'ஈ' என்று பன்மையாகும். ஆகவே ஒருவன் பாப்பராட்ஸோ, பலர் பாப்பராட்ஸி.

இச்சொல்லையே தலைப்பாகக் கொண்ட ஆங்கிலப் பாடல் ஒன்றை, லேடி காகா என்ற அமெரிக்கப் பாடகி 2008-இல் வெளிவந்த தம் முதல் இசைத்தொகுப்பில் பாடினார். அத்தொகுப்பின் பெயரே 'புகழ்' என்று பொருள்படும் 'தி ஃபேம்'. ஸ்டெஃபனி ஜெர்மனோட்டா என்பது அவர் இயற்பெயர். அவர் நியூயார்க்கில் திரு இருதயக் கான்வென்ட் என்னும் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் பயின்றவர் என்று அறிந்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது!

தலைப்பை மட்டும் பார்ப்பவர்கள், புகைப்படக்காரரின் தொல்லை தாளாத ஒரு நட்சத்திரத்தின் முறையீடு இது என்று எண்ணக்கூடும். அப்படியன்று. இப்பாடலில் 'நான்' என்று பேசுபவள் துரத்தப்படுபவள் அல்லள், துரத்துகிறவள். ஒருவன் தன்னை நேசிக்கும்வரை அவனைப் பின்தொடர்ந்துகொண்டே இருப்பேன் என்கிறாள். அவள் குரலில் பகை இல்லை, கொஞ்சல்தான் இருக்கிறது. எங்களுக்கு அச்சம் தந்ததும் அதுவே. பகைவன் வந்தால் கதவைச் சாத்தலாம். அன்பு என்று சொல்லி வருகிறவளை என்ன செய்வது? அவள் நாடுவது அந்த மனிதனையா, அவன் புகழையா என்று இரண்டு நாள் விவாதித்தோம். இரண்டு பொருளும் பொருந்தத்தான் செய்கின்றன.

இப்பாடலுக்கு 2009-இல் எடுக்கப்பட்ட குறும்படத்தில், மாடியிலிருந்து தள்ளப்பட்டு விழுந்து கிடக்கும் நடிகையைப் புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டு படம் பிடிக்கிறார்கள். அவள் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பிறகு அவளே கொலை செய்து கைதாகும்போது, மறுபடியும் அவளைக் கொண்டாடுகின்றன.

இது மிகையா? 1997 ஆகஸ்டு 31-ஆம் நாள், பாரிஸ் நகரின் சுரங்கச் சாலை ஒன்றில் இளவரசி டயானாவின் கார் தூணில் மோதியது. புகைப்படக்காரர்கள் பின்தொடர்ந்து கொண்டிருந்தார்கள். நொறுங்கிக் கிடந்த காரையும் படமெடுத்தார்கள். அவருக்கு வயது 36. மது அருந்தியிருந்த ஓட்டுநரும், பின்தொடர்ந்த வாகனங்களை ஓட்டியவர்களும் காட்டிய பெருங்கவனக்குறைவே சாவுக்குக் காரணம் என்று 2008-இல் லண்டனில் ஜூரிகள் முடிவு கூறினர். படமெடுத்தவரைத் திட்டுவது எளிது. ஆனால் விலைபோகாத படத்துக்காக நள்ளிரவில் எவரும் கண்விழிக்கமாட்டார். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர்களை எந்த ஜூரியும் விசாரிக்கவில்லை.

திருக்குறளில் 'புகழ்' 24-ஆம் அதிகாரம். அதற்கு நேர் முன்னே நிற்பது 'ஈகை'. கொடுத்தவனுக்கே புகழ் என்ற வரிசை அது. அந்தக் குறும்படத்து நடிகை யாருக்கு என்ன கொடுத்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாயிருந்த ஜாக்குலின், தம்மையும் தம் பிள்ளைகளையும் ஓயாது பின்தொடர்ந்த ரான் கலெல்லா என்ற புகைப்படக்காரரோடு நீதிமன்றத்தில் போராடினார். ஜாக்குலினிடமிருந்து 25 அடியும், பிள்ளைகளிடமிருந்து 30 அடியும் அவர் விலகி நிற்க வேண்டும் என்று 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நாங்கள் நாடாவை எடுத்து எங்கள் வகுப்பறையை அளந்து பார்த்தோம். கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு சரியாக 25 அடி. அங்கிருந்து பார்த்தால் முகம் நன்றாகவே தெரிகிறது.